எங்கே என்று கேட்கிற ஒரு ஆள்

“பெத்த பிள்ளையளுக்கே மூண்டு வருஷமாத் தாய் எங்கை எண்டு தெரியேல்லையாம். அதென்ன பிள்ளையள்?” வெள்ளவத்தையில் ஓர் அந்தியேட்டி வீட்டில், சாப்பாடு முடிந்து கதிரைகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு இருந்தபோது ஒருவர் சொன்ன வசனம் இது. பெங்களூர் ஷாகிரே கலீலி கொலையைப் பற்றி அவர் ஏதோ தொடரில் பார்த்திருந்தார். இருந்தவர்கள் தலையாட்டினார்கள். காசு கூடின வீடுகளில் பாசம் இருக்காது என்று இன்னொருவர் முடித்துவைத்தார். அப்புறம் கதை டொலர் விலைக்கும் பிள்ளைகளின் ஓ.எல். பெறுபேற்றுக்கும் போய்விட்டது. நான் மட்டும் அந்த வசனத்தை விட்டு நகர முடியாமல் இருந்தேன். அந்த வழக்கைப் பற்றி வாசித்தவர்களுக்குத் தெரியும்: கொலை வெளியே வந்ததே ஒரு மகள் கேட்பதை நிறுத்தாததால்தான். கேட்டுக்கொண்டே இருந்தவளைப் பார்த்துத்தான் “அதென்ன பிள்ளை” என்று அந்த வட்டம் தீர்ப்புச் சொன்னது.

இப்படியான செய்தி எப்போது வந்தாலும் எங்கள் வாயில் முதலில் வருகிற கேள்வி இதுதான். ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு, பெற்றவர்களுக்கு, கூடப் பிறந்தவர்களுக்கு எப்படித் தெரியாமல் போனது? இந்தக் கேள்வி எனக்குள் பல வருஷமாக உறுத்துகிறது. ஏமாந்தவர்களை நோக்கிக் கேட்கப்படுகிற கேள்வி இது. ஏமாற்றியவர் எப்படி ஏமாற்றினார் என்று கேட்டால் வேறு ஒன்று தெரியவரும். அவர் பெரிய மூளைக்காரராக இருக்கத் தேவையில்லை. காணாமல் போனவரைப் பற்றிப் பேசுகிற உரிமை அவரிடம் இருந்தால் போதும். கணவன் சொன்னால் கணவனுக்குத் தெரியாததா என்போம். தகப்பன் சொன்னால் தகப்பனுக்குத் தெரியாததா என்போம். ஒருவரைத் தேடுகிற பொறுப்பை, அவருக்கு மிக நெருக்கமானவர் என்று நாங்கள் நம்புகிறவரிடம் ஒப்படைத்துவிட்டு மற்ற எல்லோரும் ஒதுங்கிக்கொள்கிறோம். அதைத்தான் மரியாதை என்றும் நினைக்கிறோம்.

ரிச்மண்ட் வீதி வீடு

ஷாகிரே, மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்த சர் மிர்சா இஸ்மாயிலின் பேத்தி. கணவர் இந்திய வெளியுறவுச் சேவையில் உயர் அதிகாரி. நான்கு பெண்பிள்ளைகள். 1980களின் முதற்பாதியில், சொத்து விவகாரங்களில் உதவி செய்கிறேன் என்று ஒருவர் அவர்களுக்கு அறிமுகமானார். முரளி மனோகர் மிஸ்ரா என்பது சொந்தப் பெயர். சுவாமி ஷ்ரத்தானந்தா என்று தன்னை அழைத்துக்கொண்டார். 1985இல் விவாகரத்து, 1986இல் இந்த மனிதரோடு ஷாகிரேயின் இரண்டாம் திருமணம். பெங்களூர் ரிச்மண்ட் வீதி 81ஆம் இலக்க வீட்டில் இருவரும் வாழ்ந்தார்கள். திருமணத்தால் மனவருத்தங்கள் இருந்தாலும், தாயோடும் மகள்களோடும் ஷாகிரேக்குப் பேச்சு விட்டுப்போகவில்லை. 1991 மே மாதக் கடைசியில் அது நின்றது.

மகள்களில் ஒருவர் அழைத்து அம்மா எங்கே என்று கேட்டபோதெல்லாம் அந்த மனிதரிடம் ஒரு பதில் இருந்தது. ஹைதராபாத் போயிருக்கிறார் என்றார். பிறகு, கர்ப்பமாக இருக்கிறார், அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் மருத்துவமனையில் இருக்கிறார் என்றார். மகள் அந்த மருத்துவமனையில் விசாரித்துப் பார்த்தார். அப்படி ஒருவர் அங்கே இல்லை. அதற்குப் பிறகு ஒருநாள் பம்பாயில் ஒரு ஹோட்டலில் இவரைச் சந்தித்தபோது, தாயின் கடவுச்சீட்டு அங்கேயே இருப்பதை மகள் கண்டார். வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லப்பட்ட அம்மாவின் கடவுச்சீட்டு.

நான் இந்த வழக்கில் எதையாவது திரும்பத் திரும்ப யோசிக்கிறேன் என்றால் அது இந்த இடத்தைத்தான். கடவுச்சீட்டைக் காணும்வரை அந்தப் பிள்ளைக்கு இரண்டு விதமான வலி இருந்திருக்கும். அம்மாவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்பது ஒன்று. அம்மா எங்களை வேண்டாம் என்று விட்டுவிட்டார் என்பது மற்றது. புதுக் கணவன், புதுக் குழந்தை, புது நாடு என்று அந்த மனிதர் கட்டிய கதையில், பழைய பிள்ளைகளுக்கு இடமே இல்லை. கொலையை மறைக்கச் சொல்லப்பட்ட பொய்தான், ஆனால் அந்தப் பொய் உயிரோடிருந்த நாலு பிள்ளைகளிடம் உங்கள் தாய் உங்களைத் தூக்கி எறிந்துவிட்டாள் என்று சொன்னது. தாய்மீது கோபம் வந்தால் பிள்ளை அழைப்பதை நிறுத்திவிடும். அந்தக் கோபத்தை நம்பித்தான் பொய்யே கட்டப்பட்டிருந்தது. அந்த மகள் கோபப்பட்டு விலகவில்லை. 1992 ஜூனில் பெங்களூர் அசோக் நகர் பொலிஸில் முறைப்பாடு செய்தார்.

முறைப்பாட்டுக்குப் பிறகும் ஏறக்குறைய இரண்டு வருஷம் போனது. வழக்கு குற்றப்பிரிவின் கைக்கு மாறிய பிறகு, 1994 மார்ச் 30ஆம் திகதி, அதே ரிச்மண்ட் வீதி வீட்டு முற்றத்தைத் தோண்டினார்கள். மரப்பெட்டிக்குள் எலும்புக்கூடு இருந்தது. மயக்கமருந்து கொடுத்து, பெட்டிக்குள் வைத்து, உயிரோடு புதைத்தார் என்பதுதான் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட முடிவு. பெட்டியைச் செய்து கொடுத்தவர்களும் குழி வெட்டியவர்களும் பிறகு சாட்சிக்கூண்டில் ஏறினார்கள். அவர்களுக்கு அது என்ன பெட்டி, என்ன குழி என்று தெரிந்திருக்கவில்லை. அந்த மூன்று வருஷத்தில் அந்த வீட்டுக்கு வந்துபோன விருந்தாளிகளுக்கும் தெரிந்திருக்கவில்லை. 2005இல் மரண தண்டனை. 2008இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதை, சாகும்வரை விடுதலையே இல்லாத ஆயுள் தண்டனையாக மாற்றியது. இந்தியச் சட்டத்தில் அந்தத் தீர்ப்பு இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது கொழும்பில் இருக்கிற எங்களுக்கு நன்றாக விளங்கும். ஷாகிரே தன் கணவருக்கு அற்றோணித் தத்துவம், அதாவது தனக்காகக் கையெழுத்து வைக்கிற அதிகாரம், எழுதிக் கொடுத்திருந்தார். அவர் இறந்த பிறகும் அந்தத் தத்துவத்தை வைத்து அந்த மனிதர் அவருடைய காணிகளை விற்றார். தத்துவம் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தக் கடதாசிக்கும் அதோடு உயிர் போய்விடும். ஆகவே ஷாகிரே செத்ததாக இருக்கக்கூடாது. அமெரிக்காவில் இருக்க வேண்டும், ஹைதராபாத்தில் இருக்க வேண்டும், எங்காவது இருக்க வேண்டும். கொன்றவருக்கு அவர் மண்ணுக்குள்ளும் வேண்டும், கடதாசியில் உயிரோடும் வேண்டும். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தெஹிவளையிலும் எத்தனை வீடுகள், எத்தனை தொடர்மாடி மனைகள் இப்படி அற்றோணியில் ஓடுகின்றன என்று எங்களுக்குத் தெரியும். ரொறொன்ரோவில் இருக்கிற அக்காவுக்காகத் தம்பி கையெழுத்து வைக்கிறார். படுக்கையில் இருக்கிற பெரியம்மாவுக்காகப் பெறாமகன் வைக்கிறார். பெரும்பாலும் எல்லாம் நேர்மையாகத்தான் நடக்கிறது. ஆனால் அந்த ஆளின் குரலைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. கையெழுத்து இருந்தால் ஆளும் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறோம்.

தாய்க்குக் கேட்காத தொலைபேசி

சிட்னியில் வென்ற்வேர்த்வில் பக்கம் என் மச்சாள் ஒருத்தி இருக்கிறாள். 2022 ஓகஸ்ட் 30ஆம் திகதி விடியற்காலை அவள்தான் அழைத்து எழுப்பினாள். அங்கே காலை 10 மணி, இங்கே ஐந்தரை. பெற்றோலுக்குக் கியூஆர் கோட் காட்டிக்கொண்டும், கரண்ட் வெட்டு நேரத்தைப் பார்த்துச் சோறு வைத்துக்கொண்டும் இருந்த நாட்கள். “எழும்படி, தீர்ப்பு வாசிக்கினம், நேரடியாப் போகுது” என்றாள். மனைவி லினெட்டைக் கொன்றதாகக் கிறிஸ் டோசன்மீது நடந்த வழக்கு. நீதிபதி இயன் ஹரிசன் ஐந்து மணித்தியாலத்துக்குக் கிட்ட வாசித்தார். யூரர்கள் இல்லாமல் நீதிபதி தனியாக விசாரித்த வழக்கு என்பதால், தான் எதை நம்பினேன், எதை நம்பவில்லை என்பதை அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது. நான் அதைக் கேட்டுக்கொண்டே வீட்டு வேலை செய்தேன். ஓரிடத்தில் வேலையை விட்டுவிட்டு இருந்துவிட்டேன்.

லினெட் டோசனுக்கு அப்போது 33 வயது. நான்கும் இரண்டும் வயதான இரு பெண்பிள்ளைகள். சிட்னியின் வடக்குக் கடற்கரைப் பக்கம், பேவியூவில் வீடு. கணவர் முன்னாள் ரக்பி லீக் வீரர், உடற்கல்வி ஆசிரியர். அவருடைய பாடசாலையில் படித்த, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு வந்த ஒரு பதின்வயதுப் பெண்ணோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. 1982 ஜனவரி 8ஆம் திகதி வாக்கில் லினெட் காணாமல் போனார். அடுத்த நாள் நோர்த்பிரிட்ஜ் நீச்சல் குளத்தடியில் அவரைச் சந்திக்க அவருடைய தாயார் போய்க் காத்திருந்தார். பேத்திகளும் மருமகனும் அங்கே இருந்தார்கள். குளத்தடித் தொலைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. மருமகன் போய்ப் பேசிவிட்டு வந்து, லின்தான் எடுத்தவள், யோசிக்கக் கொஞ்ச நாள் வேண்டுமாம் என்று மாமியாரிடம் சொன்னார். அந்த அழைப்பில் லினெட் இருக்கவில்லை, அது பொய் என்று நாற்பது வருஷத்துக்குப் பிறகு நீதிபதி தீர்ப்பில் சொன்னார். நான் இருந்துவிட்டது இந்த இடத்தில்தான்.

அந்தத் தாய் தொலைபேசிக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்திருப்பார் என்று பாருங்கள். எழும்பிப்போய், “என்னட்டை ஒருக்காத் தாரும், நான் கதைக்கிறன்” என்று சொல்லக்கூடிய தூரம். ஏன் அவர் சொல்லவில்லை? நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். எந்தத் தாயும் அந்த இடத்தில் அப்படித்தான் இருந்திருப்பாள். மருமகன் பேசிவிட்டு வருகிறார், மகளுக்கும் அவருக்கும் நடுவில் ஏதோ மனக்கசப்பு, நாங்கள் தலையிட்டு அதைக் கூட்டக்கூடாது. நல்ல மாமியாரின் இலட்சணம் என்று எந்த ஊரிலும் சொல்லப்படுகிற குணம் அது. அந்த நல்ல குணத்தில்தான் பொய் வேர் பிடித்தது. கணவர் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தது பெப்ரவரி 18ஆம் திகதி. ஏறக்குறைய ஆறு கிழமை கழித்து. அதற்குள் அந்தப் பதின்வயதுப் பெண் அந்த வீட்டுக்குள் வந்துவிட்டாள். 1984இல் அவளைத் திருமணமும் செய்தார். லினெட் தானாகப் போனவள் என்று பொலிஸ் எடுத்துக்கொண்டது. இரண்டு பெண்பிள்ளைகளும் அம்மா எங்களை விட்டுப் போய்விட்டார் என்று நம்பி வளர்ந்தார்கள். 2001இலும் 2003இலும் மரண விசாரணை அதிகாரிகள் இரண்டு பேர், இது கொலை, வழக்குத் தொடர வேண்டும் என்று சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை. 2018இல் ஒரு பத்திரிகையாளரின் ஒலித்தொடர் இதை உலகம் முழுக்கப் பேசவைத்தது. அதே வருஷக் கடைசியில் கைது. குளத்தடியில் காத்திருந்த தாயார் 2001இலேயே இறந்துவிட்டார்.

பொலிஸைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் குளொஸ்டரில் ஃபிரெட், ரோஸ்மேரி வெஸ்ட் தம்பதியின் மகள் ஹெதர், 16 வயதில், 1987இல் காணாமல் போனாள். வேலைக்குப் போய்விட்டாள் என்று பெற்றோர் சொன்னார்கள். முறைப்பாடே இல்லை, ஏனென்றால் முறைப்பாடு செய்ய வேண்டியவர்கள்தான் கொன்றவர்கள். ஹேசல் சாவேஜ் என்ற பெண் துப்பறியும் அதிகாரி வேறொரு முறைப்பாட்டுக்காக அந்த வீட்டுக்குப் போனவர், ஹெதர் எங்கே என்று தேடத் தொடங்கினார். உயிரோடிருக்கிற ஒரு பெண் எங்காவது சம்பளம் வாங்குவாள், வரி கட்டுவாள், டொக்டரிடம் போவாள். ஹெதரின் பெயர் எந்த இடத்திலும் இல்லை. மற்றப் பிள்ளைகளிடம், ஹெதர் மாதிரி நீங்களும் முற்றத்துக்குள் போய்விடுவீர்கள் என்று தகப்பன் சொல்லுவார் என்பதும் தெரியவந்தது. 1994 பெப்ரவரியில் அந்த வீட்டுப் பின்முற்றத்தைத் தோண்டினார்கள். ஹெதர் அங்கே இருந்தாள், வேறு பெண்களும் இருந்தார்கள். பெங்களூர் முற்றத்தைத் தோண்டியது அதற்கு அடுத்த மாதம்.

எங்கள் ஊரில் ஏன் கேட்பதில்லை

இந்த மூன்று ஊர்க் கதைகளையும் எங்களுடைய ஒழுங்கைக்குக் கொண்டுவந்து பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. கொழும்பில் வாழ்கிற தமிழருக்குக் காணாமல் போவது என்றால் முதலில் ஞாபகம் வருவது வீட்டுக்குள் இருக்கிற கொலைகாரன் இல்லை. ஆட்களைக் கடத்திக்கொண்டுபோன வெள்ளை வான். 2006இலிருந்து 2009வரை இந்த நகரத்தில் இருந்தவர்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் இருந்த எங்கள் சனங்களை எழுப்பி பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. ஆனால் அந்த ஒரு விடியல் எங்களுக்கு ஒன்றைப் படிப்பித்துவிட்டது. இந்த வீட்டில் எத்தனை பேர், அவர் எங்கே, எப்போது வந்தவர், எப்போது போனவர் என்ற கேள்விகள் எல்லாம் சோதனைக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள். அதை ஒரு தமிழர் இன்னொரு தமிழரிடம் கேட்கக்கூடாது. பதில் தெரிந்தால் அது ஆபத்து. தெரியாமல் இருப்பதுதான் பக்கத்து வீட்டாருக்குச் செய்கிற உதவி.

அப்போது “மகன் வெளிநாடு போயிட்டான்” என்று ஒரு தாய் சொன்னால் நாங்கள் நாடு எது என்றுகூடக் கேட்க மாட்டோம். அவன் பூசா தடுப்பு முகாமில் இருக்கலாம். எங்கோ ஒரு வீட்டில் ஒளித்திருக்கலாம். உண்மையாகவே மலேசியாவில் கொன்டெய்னருக்காகக் காத்திருக்கலாம். கேட்காமல் இருந்தது அன்பு. அந்த அன்பை நான் இன்றைக்கும் மதிக்கிறேன், அதனால் காப்பாற்றப்பட்டவர்களை எனக்குத் தெரியும். ஆனால் யுத்தம் முடிந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பழக்கம் அப்படியே இருக்கிறது. “கனடா போயிட்டா” என்றால் சரி என்கிறோம். “ஊருக்குப் போயிட்டா” என்றால் சரி. “அவளுக்கு ஆரோ ஒருத்தனோட தொடர்பு” என்று தணிந்த குரலில் சொன்னால் அதோடு அந்தப் பெண்ணின் கதையே முடிந்துவிடும். அவளுடைய கூடப் பிறந்தவர்களும் பெயரை எடுக்க மாட்டார்கள். வெட்கத்தைப்போல ஒரு பூட்டு வேறு இல்லை.

இதைச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். யுத்தத்தில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டும் கடத்தப்பட்டும் காணாமலாக்கப்பட்டவர்களின் கதை வேறு. எங்கே, எந்த வாசலில், எந்தக் கையில் கொடுத்தோம் என்று சொல்லக்கூடிய தாய்மார் அவர்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கி வடக்குக் கிழக்கு முழுக்கத் தெருவோரத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்டுக்கேட்டே அவர்களில் பலர் செத்தும் போனார்கள். 2010இல் வந்த தற்காலிகச் சட்டத்தின் கீழ் மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்றார்கள். 2016இல், இறந்தவர் என்று சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் சொல்லுகிற சான்றிதழுக்கும் சட்டம் வந்தது. அதே வருஷம் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும். பல தாய்மார் எந்தக் கடதாசியையும் வாங்க மறுத்தார்கள். கடதாசியை வாங்கினால் கேள்வி முடிந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். பெங்களூரில் கொன்றவருக்குக் கடதாசி வேண்டியிருந்தது, ஆள் வேண்டியிருக்கவில்லை. எங்கள் தாய்மாருக்கு ஆள் வேண்டும், கடதாசி வேண்டாம். கேட்பது என்றால் என்ன என்று இந்த நாட்டில் யாருக்காவது தெரியும் என்றால் இவர்களுக்குத்தான் தெரியும். இவ்வளவு கேட்கிற தாய்மாரைப் பெற்ற சமூகம், பக்கத்து வீட்டுப் பெண் எங்கே என்று கேட்கக் கூச்சப்படுகிறதே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ரீச்சரின் குரல்

என் சின்னம்மாவை எங்கள் தொடர்மாடியில் பலருக்குப் பிடிக்காது. விடுப்புக் கேட்கிற மனுசி என்பார்கள். படியில் ஏறும்போது யார் யாரோடு வருகிறார்கள் என்று பார்ப்பார், என்ன கறி என்று கேட்பார், மருமகளுக்கு எத்தனை மாதம் என்று கேட்பார். கீழ்த்தட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். தனியாள். எல்லோருக்கும் அவர் ரீச்சர். பெறாமகன் ஒருவன் வந்து கூட இருந்தான், அமைதியான பிள்ளை, காணும்போது சிரிப்பான். ரீச்சர் வெள்ளிக்கிழமைகளில் மயூரபதி அம்மன் கோயிலுக்குப் போகிறவர். சில வெள்ளிக்கிழமைகள் அவரைக் காணவில்லை. பெறாமகன் ஒருவரிடம் மட்டக்களப்பில் பழைய மாணவி வீட்டுக்குப் போயிருக்கிறா என்றான். இன்னொருவரிடம் இந்தியாவுக்கு யாத்திரை என்றான். இரண்டு பதிலையும் சேர்த்துக் கேட்டது சின்னம்மா மட்டும்தான், ஏனென்றால் இரண்டு பேரிடமும் கேட்டவர் அவர் மட்டும்தான்.

சின்னம்மா கீழே இறங்கிப் போனார். நானும் பின்னால் போனேன், சண்டை ஏதும் வந்தால் கூட்டிக்கொண்டு வரலாம் என்று. “தம்பி, ரீச்சரின்ர குரலை எனக்கு ஒருக்காக் கேக்கோணும். நம்பரை எடும்.” அவன் அங்கே சிக்னல் இல்லை என்றான். “சிக்னல் வரும் மட்டும் நான் இதிலை இருக்கிறன். நீர் ஆறுதலா எடும்” என்று சொல்லி ஹோலில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். அவனுக்குக் கோபம் வந்தது. உங்களுக்கு என்ன தேவையில்லாத விடுப்பு, எங்கட குடும்ப விஷயம் என்றான். சின்னம்மா பதில் சொல்லவில்லை, எழும்பவும் இல்லை. எனக்கு வியர்த்தது. சத்தம் கேட்டுப் பக்கத்துக் கதவு திறந்து, நிலைமையைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மூடியது. நன்றாக இருட்டிய பிறகு அவன் கொழும்புக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தின் பெயரைச் சொன்னான்.

அடுத்த நாள் போனோம். ரீச்சர் உயிரோடுதான் இருந்தார். மெலிந்திருந்தார், கையில் போன் இல்லை. எங்களைக் கண்டதும் அழவில்லை. சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “என்னை எங்கை போனது எண்டு சொன்னவன்?” சின்னம்மா சொன்னார். மட்டக்களப்பு, இந்தியா. ரீச்சர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நீங்கள் எல்லாரும் நம்பினீங்களோ?” என்றார். அந்தக் கேள்விக்கு அங்கே நின்ற ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு அவருக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணியைக் கொண்டு, பெறாமகனுக்குக் கொடுத்திருந்த அற்றோணித் தத்துவத்தை ரத்துச் செய்து பதிவு செய்தார். பொலிஸுக்குப் போக அவர் விரும்பவில்லை. தம்பியின் பிள்ளை என்றார். அந்தப் பெறாமகன் கொலைகாரன் இல்லை. பெங்களூரோடும் பேவியூவோடும் அவனை ஒன்றாக வைக்க மாட்டேன். ஆனால் அவன் செய்த வேலையின் முதல் பாதி அதேதான். அவரை எங்கள் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு, அவரைப் பற்றிப் பேசுகிற உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டான். இரண்டாம் பாதி வராமல் போனது அவனுடைய நல்ல மனதாலா, சின்னம்மாவின் கதிரையாலா என்று நான் இப்போது ஆராயப் போவதில்லை.

அந்தியேட்டி வீட்டில் அந்த வசனத்தைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்துக்கு ரீச்சரின் அந்தக் கேள்விதான் காரணம். பிள்ளைகளுக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்கிற நாங்கள், எங்களுக்குத் தெரிந்தவர்களில் யார் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று உண்மையாகவே சொல்லக்கூடியவர்களா? வட்ஸ்அப்பில் ஒரு கும்பிடுகிற கை வந்தால் ஆள் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறோம். அதை யார் விரலும் அனுப்பலாம். இப்போது நான் வயதானவர்களோடு குரலில்தான் கதைக்கிறேன். இன்னொருவர் போனை எடுத்து அவர் நித்திரை, பிறகு எடுங்கோ என்றால் பிறகும் எடுக்கிறேன். இரண்டாம் தரமும் நித்திரை என்றால் நேரே போகிறேன். சில வீடுகளில் இதை விரும்ப மாட்டார்கள். பரவாயில்லை. நேர்மையான வீட்டில் கேட்டால் ஒரு நிமிஷச் சங்கடம், ஒரு தேத்தண்ணீரோடு போய்விடும்.

டோசனுக்கு 2022 டிசம்பரில் 24 வருஷத் தண்டனை விதித்தார்கள். லினெட்டின் உடல் கிடைக்கவே இல்லை. அந்த வருஷமே நியூ சவுத் வேல்ஸில் ஒரு சட்டம் வந்தது. அங்கே அதை லின்னின் சட்டம் என்றே சொல்கிறார்கள். கொலைக்குத் தண்டனை பெற்றவர் உடல் எங்கே என்று சொல்லாவிட்டால் அவருக்குப் பரோல் கிடையாது. 2024இல் டோசனின் மேன்முறையீடும் தள்ளுபடியானது. தீர்ப்பு வந்த அன்று லினெட்டின் சகோதரர் நீதிமன்ற வாசலில் நின்று கேட்டதை மச்சாள் எனக்கு அனுப்பியிருந்தாள். பழிவாங்குகிற பேச்சு ஒன்றும் இல்லை. அவளை எங்கே வைத்தாய் என்று சொல், நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம் என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். டோசன் இன்றுவரை அதைச் சொல்லவில்லை.